ஞாயிறு இல்லாத வாரம்

ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகள்,
ஆளுக்கொரு கிழமை வைத்துவிட்டேன் என்றாள் ராய்லி.
முன்னால் திங்களும் செவ்வாயும்,
நடுவே புதன், வியாழன்,
வண்டியை ஒட்டி வெள்ளியும் சனியும்.
சனி எதையும் பிடித்தால் விடாது,
கையுறை பத்திரம்.

ஞாயிறு எங்கே?
கேட்டவன் இல்மரி. வயது ஆறு.
எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால்
அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் இல்லை.
ராய்லி மோவாயால் காட்டினாள்.
தன் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றது
முன்னங்கால் தேறாத
வெளிர்மஞ்சள் நாய்.

மைனஸ் பத்தொன்பது.
உள்ளே கம்பளி, அதன்மேல் கம்பளி,
அதன்மேல் வாடகைக்கு எடுத்த நீல அங்கி.
கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தபோது
ஒன்றுக்கு வருகிறது என்றாள் ஹில்லா.
எல்லாம் முதலிலிருந்து.

அதற்குள் பூட்டிய நாய்கள்
எம்பி எம்பிக் குதித்தன,
வாரைக் கடித்தன,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஊளையிட்டன.
உறைந்த ஆற்றுக்கு அக்கரை ஸ்வீடன்;
அங்கேயும் யாரும் தூங்கியிருக்க முடியாது.
ராய்லி என் காதுக்குள் கத்தினாள்:
விதி ஒன்றே ஒன்று.
விழுந்தாலும் கையை விடாதே.

பனியில் ஊன்றிய கொக்கியைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது,
யாரோ கதவைச் சாத்தியதுபோல.
இருபத்துநான்கு கால்கள்
தூள்பனியைத் தொட்டுத் தொட்டு எடுக்கும் ஒலி,
மரச்சட்டம் முனகும் ஒலி,
வேறு எதுவும் இல்லை.
இவ்வளவு நேரக் கூச்சலும்
இந்த அமைதியைக் கேட்டுத்தானா?

ஓடிக்கொண்டே வாலைத் தூக்கியது வெள்ளி.
ஓடிக்கொண்டே கழிந்தது.
வாடை நேராகப் பிள்ளைகள் முகத்தில்.
அடுத்த அரைக் கிலோமீட்டருக்கு
காட்டில் சிரிப்பு மட்டுமே இருந்தது.

பிர்ச் மரங்கள் நெருங்கும் வளைவில்
வண்டி இடது பக்கம் போனது,
நான் வலது பக்கம்.
விட்டுவிட்டேன்.

இடுப்பளவு பனியிலிருந்து பார்த்தேன்:
ஆறு கிழமைகளும் சேர்ந்து
என் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு
மரங்களுக்குப் பின்னால் மறைவதை.
பின்சட்டத்தில் ஆள் இல்லை.
அந்த வெற்றிடம் என் உயரத்தில் இருந்தது.
கூப்பிட்டேன். குரல் கழுத்துத் துணியிலேயே தங்கிவிட்டது.
ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்,
பார்ப்பவர்களுக்கு நீந்துவதுபோல் இருந்திருக்கும்.

வளைவுக்கு அப்பால்
ராய்லியின் வண்டி பாதையை மறித்து நின்றது.
அதற்குப் பின்னால் எங்கள் வண்டி.
இருக்கையைத் தாண்டிப் பின்னுக்கு ஏறி,
பிரேக்கின் இரும்புப் பற்கள்மேல்
இரண்டு காலாலும் நின்றிருந்தாள் ஹில்லா.
இருபத்தெட்டு கிலோ, எல்லாமும் அதன்மேல்.
அழுகை இல்லை. பெருமையும் இல்லை.

விட்டுட்டியே அம்மா.
ஆமாம்.
நான் விடல.

அதன்பின் அவள் உட்காரவில்லை.
என் இரண்டு கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தாள்.
ஏற்றம் வரும்போதும் இறக்கம் வரும்போதும்
கைப்பிடியில் என் விரல்கள் இருக்கின்றனவா என்று
குனிந்து பார்த்துக்கொண்டாள்.
நாய்களை ஓட்டியது யாரென்று
எனக்கு இன்னமும் சரியாகத் தெரியாது.

கொட்டிலுக்குத் திரும்பியபோது மணி மூன்று.
சூரியன் தளிர்க்கூம்பு மரங்களின் இடுப்பில்.
இல்மரி யாரையும் கேட்காமல்
ஞாயிறு நின்ற பெட்டிக்குப் போனான்.
நொண்டியபடி இறங்கி வந்த நாய்
அவன் பூட்ஸை முகர்ந்தது.
முழங்காலில் செவ்வாயின் எச்சில்,
முழங்கையில் வியாழனின் முடி,
தொப்பி ஓரத்தில் வெள்ளியின்
சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

விமான நிலையச் சோதனையில் நிற்பதுபோல்
இரண்டு கையையும் விரித்து நின்றான் இல்மரி.
சாப்பாடு ஆறுகிறது, வா, என்றேன்.
இரு, முதுகுப் பக்கம் இன்னும் பாக்கி என்று சொல்லி
மெதுவாகத் திரும்பிக் காட்டினான்.