கையைக் காட்டினால் நிற்கும்

சாலையில் எங்கே நின்று கையைக் காட்டினாலும்
நிற்கும் இந்தப் பேருந்து.
பெயர் எழுதிய கம்பம் தேவையில்லை.
வேல்ஸின் மேற்கு விளிம்பில்
இரண்டு புதர்வேலிகளுக்கு நடுவே
ஒரு பேருந்தின் அகலமே உள்ள சாலை.
எதிரே டிராக்டர் வந்தால்
யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும்.
போவது எப்போதும் மெய்ரிக்தான்.
டிராக்டர்காரன் அவன் மச்சான்.

ஏறுகிறவர்கள் கடலோரம் நடக்க வந்தவர்கள்.
ஊன்றுகோல்கள், உறையிட்ட வரைபடங்கள்,
வாழைப்பழம் நசுங்கிய முதுகுப்பைகள்.
ஒரு முனையில் இறங்கி
பாறை விளிம்போடு ஒன்பது மைல் நடந்து
மறுமுனையில் இதே பேருந்தைப் பிடிக்க வேண்டும்.
கடைசி வண்டியைத் தவறவிட்டவர்களின் கதைகளைச்
சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்,
தவறவிட்டது வேறு யாரோ என்பதால்.

நெரிஸ் மட்டும் வாளியோடு ஏறுவாள்.
வாளிக்குள் துடைப்பான், இரண்டு ஜோடி கையுறை,
ஆறு விடுமுறை வீடுகளின் ஆறு சாவி.
சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியேறும்,
நான்கு மணிக்கு அடுத்தது வரும்.
இடைப்பட்ட நேரம் அவளுடையது:
விரிப்புகள், குளியலறை வடிகாலில் மணல்,
கட்டிலுக்கடியில் ஒற்றைக் காலுறை.
ஜன்னல் திட்டில் பிள்ளைகள் மறந்த சிப்பிகளைக்
குப்பையில் போட மனசு வராது.
தோட்டத்து மூலையில் கொட்டுவாள்.
பதினொரு வருடத்தில் அது முழங்கால் உயரம்.

பேருந்தின் ஜன்னலில்
பதினொரு வருடமும் வேலிதான்.
மாட்டுப்பட்டியின் கதவு வரும் இடத்தில்
ஒரு நொடி நீலம்.
பிறகு வேலி.
"இங்கே சீல் தெரியுமாமே?"
ஒரு ஜெர்மன்காரி கேட்டாள்.
"தெரியும்" என்றாள் நெரிஸ்.
கண்ணுக்கா, தனக்கா என்று
அந்தப் பெண் கேட்கவில்லை, நல்லவேளை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை
கடைசி வீட்டில் தொட்டி அடைத்துக்கொண்டது.
ஐந்து பத்துக்கு வண்டி.
அவள் சாலைக்கு வந்தபோது ஐந்து இருபது.
அடுத்தது திங்கட்கிழமை.
போனில் ஒரு கோடும் இல்லை.
காரை விற்றுத்தான் சமையலறைக் கூரையை மாற்றினார்கள்.
சாலையில் நடந்தால் வளைவுக்கு வளைவு கார்கள்;
பக்கத்தில் ஓக் கொட்டை படம் போட்ட கம்பம்,
கடலைப் பார்த்து ஓர் அம்பு.

வாளியோடு அம்பின் பக்கம் திரும்பினாள்.

மஞ்சள் பூத்த முட்புதரில் தேங்காய் மணம்.
இந்த மணம் அவளுக்குத் தெரிந்ததுதான்,
துவைக்கப்போகும் துண்டுகளில் ஒட்டிவரும்
வெயில் களிம்பின் மணம்.
இடப்பக்கம் கையளவு மண், அப்புறம் வெறும் காற்று.
கீழே, மிகக் கீழே,
கூழாங்கற்கள் மேல் யாரோ எறிந்துவிட்டுப்போன
வெள்ளைத் தலையணை.
எடுத்து உறை மாற்ற வேண்டும் என்று
கை ஒருகணம் நினைத்தது.
தலையணை கொட்டாவி விட்டது.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.
எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது.
அலையில் ஒரு கரும் தலை எழும், பார்க்கும், அமிழும்.
குட்டி புரண்டு படுக்கும்.
அவள் கையில் இன்னும் வடிகால் நாற்றம்.

பாதை மேலேறி வயலைத் தொட்ட இடத்தில்
வேலிகளுக்கு மேலே
பேருந்தின் கூரை மட்டும் மிதந்து வந்தது,
நாற்பது நிமிடத் தாமதத்தில்,
மச்சானின் வைக்கோல் வண்டிக்குப் பின்னால்.

நீ போ என்று கையை ஆட்டினாள்.
போ என்றாலும் நில் என்றாலும்
தூரத்துக்கு ஒரே கைதான்.
நின்றது.

கதவைத் தாண்டிக் குதித்துப் போய்ச் சொல்லவேண்டியதாயிற்று.
உள்ளே ஏழு பேர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஏப்ரன் கட்டிய நடைக்காரியை
ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.
"ஏறு" என்றான் மெய்ரிக்.
"இன்னும் ஒன்றேகால் மைல்தானே."
"மழை வரும்."
"வரட்டும். இதை மட்டும் கொண்டுபோ."

முன் இருக்கையில் உட்கார்ந்து
டிக்கெட் இல்லாமல்
ஊர் போய்ச் சேர்ந்தது வாளி.