பதினோராம் கேள்வி

கிளிநொச்சி ஆசுபத்திரி. மேசையில் படிவம்,
அற்றோணித் தத்துவம் கேட்டு
ரொறன்ரோ மகன் போட்ட கடிதம்.

ஆயிரத்தில் முந்நூற்றெழுபது போனால்?
சிற்றம்பலம் மின்விசிறியைப் பார்த்தார்.
எழுநூறு என்றார். பிழை போட்டேன்.

ஒரு கிலோ அரிசி என்ன விலை, ஐயா?
"எப்ப?"
இப்ப.
"இப்ப மகளல்லோ வாங்கிறாள்.
மாத்தளனிலை எண்டாச் சொல்லுவன்."

மூன்று பவுண் சங்கிலி குடுத்து
ஒரு பெட்டி பால்மா. விலை பேசவில்லையாம்.
வித்தவன் கையும் நடுங்கினதாம்.

பதினோராம் கேள்வி:
பெருநட்டமான கொடுக்கல் வாங்கல் ஏதும் செய்தவரா?
ஆம். இல்லை. இரண்டே கட்டம்.

யன்னலுக்கு வெளியே
அந்தப் பால்மாவைக் குடித்த பேரன்
மோட்டார் சைக்கிள் சீற்றை
வெயில் சுடாமல் துவாயால் மூடுகிறான்.

பேனை மூடியைப் பூட்டினேன், கழற்றினேன்.
எழும்பும்போது சொல்கிறார்:
"அறுநூற்று முப்பது, பிள்ளை."