இலை உதிர்ந்த சொல்

வெர்மான்டிலிருந்து தம்பி ஈனக் எழுதியிருந்தான்:
'ஃபால் வந்ததும் இரண்டு கன்றுகளை விற்பேன்.
கப்பல் காசு தேறிவிடும்.'

ஹார்ன்காஸில் ஊரில், கூரை ஒழுகும் அறையில்,
டார்கஸ் தர்ல்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
ஃபாலாம்!
குதிரையிலிருந்து விழலாம், மாவு விலை விழலாம்,
ஒரு பருவம் எப்படி விழும்?
பத்தே வருடத்தில் நாக்கு மரத்துவிட்டது பையனுக்கு.
அடிக்கோடிட்டுப் பதில் போட்டாள்:
ஆட்டம், தம்பி, ஆட்டம்.

(தமிழில் எழுதினால் கூத்துக்கும் அதே எழுத்து.
எனக்கு வரும் சிரிப்பு அவளுக்குத் தெரியாது.)

அவளுக்கு அப்போது ஒரு வேலை இருந்தது.
யாரோ எங்கோ தொகுக்கும் அகராதிக்காக
மக்கிய ஏடுகளைப் படிப்பது,
உள்ளங்கை அகலச் சீட்டில்
ஒரு சொல், ஒரு வரி, ஓர் ஆண்டு எழுதி
அஞ்சலில் சேர்ப்பது.
கூலி கிடையாது. தபால்தலை மட்டும் அவர்கள் செலவு.

வின்டரை எடுத்தாள் முதலில்.
மூலம் ஈரம் என்றார் ஒருவர்,
வெண்மை என்றார் இன்னொருவர்.
சன்னலைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன.
அந்தக் காலத்தில் வயதையே அதில்தான் எண்ணினார்களாம்:
முப்பது வின்டர் கண்டவன், அறுபது வின்டர் கண்டவள்.
கோடையைத் தாண்டுவதெல்லாம் ஒரு சாதனையா என்ன.
தனக்கு நாற்பத்தொன்று என்று விரல்விட்டாள்;
கணப்பு எரிந்தும் குளிர்ந்தது.

ஸ்பிரிங்குக்கு முன்னால் அந்த இடத்தில் லென்ட் இருந்திருக்கிறது,
பகல் நீள்கிறது என்ற பொருளில்.
கோயில் அதை நாற்பது நாள் நோன்புக்கு எடுத்துக்கொண்டது.
ஹார்வெஸ்டும் ஒருகாலத்தில் பருவம்தான்.
அரிவாள் பிடிக்காத சனம் பட்டணத்தில் பெருகப் பெருக
அது வெறும் வேலையாயிற்று.
காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தது
பிரான்சு வழியே வந்த லத்தீன் விருந்தாளி, ஆட்டம்.
எழுத்தில் அதற்கு ஒரு 'ன்' வால் உண்டு;
வாயில் வராது.

பிப்ரவரி கடைசியில்
தேவாலயக் கணக்கேடு ஒன்று கைக்கு வந்தது.
ஆயிரத்து அறுநூற்று இரண்டாம் ஆண்டு,
எலி கடித்த ஓரம்:
'ஃபால் ஆஃப் த லீஃப் சமயம், வாய்க்கால் தூர் எடுக்க, நாலு பென்ஸ்.'
இலை விழும் சமயம்.
மறுபக்கம்:
'ஸ்பிரிங் ஆஃப் த லீஃப் சமயம், வேலி கட்ட, ஆறு பென்ஸ்.'
இலை துள்ளும் சமயம்.

பேனாவைக் கீழே வைத்தாள்.
ஒரே கிளையில் இருந்த இரண்டு சொல்.
இரண்டிலிருந்தும் இலை உதிர்ந்துபோய்
துள்ளலும் விழுதலும் மட்டும் மிச்சம்.
ஒன்றை இங்கேயே வைத்துக்கொண்டோம்.
மற்றது உப்புக்கறியோடும் விதைமூட்டையோடும்
கப்பலேறிப் போயிற்று.
போனதையே மறந்தோம்.
கடலுக்கு அப்பாலிருந்து அது கூப்பிட்டதும்
யார் நீ என்கிறோம்.

திருத்திய கடிதம் அதற்குள் பாதிக் கடல் தாண்டியிருக்கும்.

நவம்பரில் பதில் வந்தது.
'அக்கா, நீ சொன்னபடியே எழுதுகிறேன்.
இந்த ஆட்டத்தில் கன்று விலை விழுந்துவிட்டது.
ஸ்பிரிங்கில் பார்க்கலாம்.'

அந்த ஒரு சொல்லில் மட்டும்
பள்ளிக்கூடப் பையன் போல அழுத்தி எழுதியிருந்தான்.
மை மறுபக்கம் ஊறியிருந்தது.

பழைய கடிதத்தைத் தேடி எடுத்தாள்.
ஒரு சீட்டை நறுக்கினாள்.
சொல்: ஃபால்.
மேற்கோள்: 'ஃபால் வந்ததும் இரண்டு கன்றுகளை விற்பேன்.'
எழுதியவர்: ஈ. தர்ல்பி, குடியானவர்.
ஊர் என்ற இடத்தில் கை நின்றது.
வெ என்று தொடங்கி, அடித்து,
ஹார்ன்காஸில் என்று எழுதினாள்.