மழை வந்தால் முதலில் எதைத் தூக்குவீர்கள்

ராத்திரி பத்தரைக்குக் கேள்வி வரும்.
அதுவரை நான்
அடையாறு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பேர், வயசு, சாப்பிட்டீங்களா என்று
மூன்றே கேள்வியில் ஆட்களை முடித்து அனுப்புகிறவள்.

பத்தரைக்கு மேல்
முகம் பார்த்திராத ஐந்து பேரோடு
ஒன்றுக்கும் உதவாத கேள்விகள்.
பக்கத்து முனையை மடிப்பீர்களா, மாட்டீர்களா?
வாங்கித் திருப்பித் தராத புத்தகம் எது?
எந்தக் கதையில் வரும் வீட்டுக்கு வாடகைக்குப் போவீர்கள்,
அட்வான்ஸ் எத்தனை மாதம்?

மடிப்பேன் என்றாள் ராயப்பேட்டை தில்ஷாத்.
மடித்த இடத்தில் நகத்தால் ஒரு தேய்ப்பும் உண்டாம்.
அன்றிலிருந்து அவளுக்கு
நீளமான நகங்கள் என்று நானே வைத்துக்கொண்டேன்.

பெரம்பூர் வைரக்கண்ணு
கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்.
'யார் சாகப்போறாங்கன்னு தெரிஞ்சாத்தான்
நிம்மதியா பழக முடியும்.'

குரோம்பேட்டை யசோதரா அனுப்பிய
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் படத்தில்
முதலிரவு வர்ணனைக்கு நடுவே
ஒரு சாம்பார்ப் பருப்பு.

இன்னொருவருக்குப் பெயர் வெறும் புள்ளி.
எதற்கும் பதில் சொன்னதில்லை,
எல்லாவற்றையும் படித்துவிடுவார்.
வைரக்கண்ணு அவரை ஒற்றன் என்பார்,
நான் தூக்கம் வராதவர் என்று நினைத்துக்கொள்வேன்.

வேளச்சேரி எபனேசர் லிப்ட் மெக்கானிக்.
பாதியில் விட்ட புத்தகம் எது என்று கேட்டதற்கு
'எழுநூறு பக்கம். நாலு தடவை ஏறிப் பாத்துட்டேன்.
நாலு தடவையும் அறுபத்து மூணுல நின்னுடுச்சு' என்றார்.
என்ன கோளாறு என்று கேட்டோம்.
'லோடு அதிகம்.'

அக்டோபரில் என் முறை.
வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்
முதலில் எந்தப் புத்தகத்தை மேலே தூக்குவீர்கள்?
ஆளுக்கொரு பெரிய பெயரைச் சொன்னோம்.
எபனேசர் மட்டும்: பேங்க் பாஸ்புக்.
அது புத்தகமா என்றேன்.
'பேருலயே இருக்கே மேடம்.
நான் பயந்து பயந்து படிக்கிற ஒரே கதையும் அதுதான்.'

டிசம்பரில்
கேள்வியை மேகம் கேட்டது.

சைதாப்பேட்டை, ஆற்றிலிருந்து மூன்றாவது தெரு, கீழ்வீடு.
முதல் படி போனது, இரண்டாம் படி போனது,
மோட்டார் போட்டதுபோல் குளியலறை வழியாகவும் ஏறியது.
நான் தூக்கியவை, வரிசைப்படி:
மிக்ஸி. அரிசி டிரம், பாதிதான்.
இன்வர்ட்டர் பேட்டரி, எதிர்வீட்டுப் பையனோடு.
மார்க் ஷீட் கவர், அரியரும் சேர்த்து.
பக்கத்து வீட்டு நாய்.
அக்டோபரில் நெஞ்சைத் தொட்டு நான் சொன்ன பதில்
கீழ்த்தட்டில் கிடந்து
இட்லி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் டவர் இல்லை.
மொட்டை மாடித் தொட்டியடியில் பால் பவுடர் கலக்கும்போது
தில்ஷாத் எந்த மாடியில் இருப்பாள் என்று யோசித்தேன்.
அவள் ஓரம் மடிக்கிறவள் என்று தெரியும்.
வீட்டில் மாடி உண்டா என்று தெரியாது.
யசோதராவுக்குக் குழந்தைகள்?
வைரக்கண்ணுவுக்கு வயசு?
இத்தனை கேட்டோம்,
கதவு எண்ணைக் கேட்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம்
சிக்னல் ஒரு கோடு, பிறகு இரண்டு.
ஹெலிகாப்டர் சத்தத்துக்கு நடுவே
மொத்தமாக வந்து விழுந்தன.
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ராத்திரியே,
சரியாகப் பத்தரைக்குப் புள்ளி கேட்டிருந்தார்:
எல்லாரும் இருக்கீங்களா?

இருக்கேன் என்று தில்ஷாத்.
இருக்கோம் என்று யசோதரா, எத்தனை பேர் என்று சொல்லாமல்.
கடைசிப் பக்கம் இன்னும் வரலை என்று வைரக்கண்ணு.

எபனேசரிடமிருந்து மட்டும்
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
பெரிய பேட்டரி ஐந்து சதவீதம் என்று காட்டும்போது:

'பாஸ்புக் பத்திரம்.
அந்த எழுநூறு பக்கத்தையும் பரண்ல போட்டுட்டேன்.
முடிக்காததை எப்படி நனைய விடுறது.
கரண்ட் இல்ல, போக வழி இல்ல.
அறுபத்து நாலுக்கு வந்துட்டேன்.'