நிர்மல் பதினைந்து

காட்பாடி அலுவலகத்தில் என் கையில்
நாற்பத்தொரு பேர்.
ஆம்பூர் ஜிம்மில் புஜம் மடக்கிக் காட்டும் இர்ஷாத்,
குடியாத்தத்து யோகா டீச்சர் பத்மலோசனி,
ஒரு கரண்டிக்கு ஒரு ரீல் என்று பேரம் பேசும்
ராணிப்பேட்டை இரட்டையர்.
ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஓர் எண் ஒட்டி
குறியீடு அனுப்புவேன்.
விற்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு அவர்களுக்கு.
முளைகட்டிய தானிய மாவு எங்களுடையது.
குணமாகும் என்ற சொல்லை
யாரும் சொல்லக் கூடாது.
ஒப்பந்தத்தில் ஏழாவது பத்தி,
நான் எழுதியது.

மே மாதப் பட்டியலில் முதலிடம்
எழுநூறு பேரே பின்தொடரும் ஒருத்திக்கு.
ஜூதிகா பைன். குறியீடு நிர்மல்15.
முகவரிகளைப் பிரித்துப் பார்த்தேன்,
எல்லாம் ஒரே பின்கோடு.
லாட்ஜ், லாட்ஜ், இன்னொரு லாட்ஜ்,
அறை 9, அறை 14, மொட்டைமாடி ஷெட்.

போலிக் கணக்கென்று நினைத்துத்தான்
வெயில் சாயும் முன்பே வண்டியெடுத்தேன்.
பாலத்தின்மேல் அனல்.
கீழே பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
பலகையெல்லாம் வங்காளம்,
கடுகெண்ணெயில் மீன் பொரியும் நெடி.
சத்துவாச்சாரியில் பிறந்த நான்
வழி கேட்டு வழி கேட்டு மாடியேறினேன்.

தன் வீடியோக்களைக் காட்டினாள்.
வட்ட விளக்கில்லை, பாட்டில்லை.
ஜன்னலில் சாத்திய போன்,
ஒரு டம்ளர், ஒரு கரண்டி,
கட்டிலோரம் ஒரு கை,
ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர்.
"இன்றைக்கு அரை டம்ளர் குடித்தார்."
அவள் சொன்னது அவ்வளவுதான்.
குணமாகும் என்று ஒருநாளும் சொல்லவில்லை.
பார்த்தவர்களுக்கோ
அது மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"நிர்மல்?" என்றேன்.
கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது.
"பதினெட்டாந்தேதி. இங்கேயே எரிச்சாச்சு.
ரூம் பாக்கி இருக்கு.
கமிஷன் எப்போ வரும், திதி?"

அவர்கள் மொழியில் அது அக்கா.
என் காதில்
வேறாக விழுந்தது.

இரவு, திரையில்
'முடக்கு' என்றொரு பொத்தான்.
ஏழாவது பத்தியை மறுபடி படித்தேன்.
ஓட்டையே இல்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.
பெங்களூரிலிருந்து மேலாளர் கேட்டிருந்தார்:
இவரைப் போல் இன்னும் பத்துப் பேர்
கிடைப்பார்களா?

பதில் தட்டத் தொடங்கினேன்.
மேலே சின்னதாய் ஒரு மணி ஒலித்தது.
நிர்மல்15, ஒரு கிலோ,
அறை 22,
சீக்கிரம் வேண்டும் என்று
ஒரு குறிப்பு.