அலமாரி மேல் அர்துரோ

கடைசி நாள் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்களாம்.
சேர்த்தா, கழித்தா என்று கேட்டேன்.
பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டே
இரண்டு கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து
குளிப்பாட்டிய பிள்ளையைத் தூக்குகிற மாதிரி
வெளியே எடுத்தார்.

வெள்ளை வைன்.
வெள்ளையாக இல்லை.
பனங்கிழங்கை உரித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம்.

லேபிளில் ஒரு வீடு, ஒரு மணிக்கூண்டு,
அடியில் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு.
அன்றிலிருந்து ஒரே குடும்பமாம்.
மூத்தவன் அர்துரோ,
அவன் மகன் பர்த்தலோமியோ,
அவனுக்குப் பிறந்தவன் மறுபடியும் அர்துரோ.
இதிலென்ன அதிசயம்?
முட்டத்தில் என் மாமனார் சூசைமிக்கேல்,
என் மகன் சூசைமிக்கேல்.
எங்களை யாரும் குப்பியில் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கம் பொடி எழுத்து.
விரல் வைத்து வாசித்துச் சொன்னார்:
எங்கள் குடும்பத்தார் கையால் பறித்தது.
அந்த விரலுக்குப் பக்கத்து விரலில்
கத்தரி கடித்த தழும்பு,
இன்னும் சிவப்பு மாறவில்லை.
நீங்க எப்ப அந்தக் குடும்பத்துல சேர்ந்தீங்க, என்றேன்.

விலை நாற்பது யூரோ.
ஏஜென்டுக்குக் கொடுத்த ஏழு லட்சத்துக்கு
இப்படி எத்தனை குப்பி வரும் என்று
தூக்கம் பிடிக்காத ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டே போனேன்.
நூற்றுத் தொண்ணூறு தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கடன் தீருகிற அன்றைக்குத் திறப்போம் என்று
அலமாரி மேலே நிற்க வைத்தோம்,
குழந்தை ஏசுவுக்கு வலப்பக்கம்.
அங்கே நிலவறையில் படுக்க வைப்பார்களாம்,
இருட்டில், குளிரில்,
மெதுவாகத்தான் நடப்பார்களாம் பக்கத்தில்.
இங்கே தகரக் கூரைக்குக் கீழே
மூன்று சித்திரை நின்றது.
ராத்திரியில் கலங்கரை விளக்கு வெளிச்சம்
ஜன்னல் வழியாக வந்து
குப்பிக்குள் ஒரு நொடி நீந்திவிட்டுப் போகும்.

அவரும் ஆவணிக்கு ஆவணி போய் வந்தார்.
அடுத்த தடவைகளில் குப்பி தரவில்லை,
தொப்பி தந்தார்கள்.

ஆடியில் ஒரு நாள்
வட்டிக்காரர் ததேயு
நோட்டில் எங்கள் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டார்.
அன்று சாயங்காலம் பார்த்தால்
கார்க்கைப் பிடுங்கும் திருகாணி
தெருவில் ஒருவரிடமும் கிடையாது.
மகன் பங்குச் சாமியாரிடம் ஓடினான்,
பூசை வைனுக்குத் திருகுமூடி என்று திரும்பி வந்தான்.
வலை முடைகிற ஊசியால் குத்தினார்.
கார்க் உள்ளே விழுந்து
கவிழ்ந்த வள்ளம் மாதிரி மிதந்தது.
தேயிலை அரிப்பில் வடித்து
எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினோம்.

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.
சரிவு, கொத்து, விடியற்காலைப் பனி,
ஏதாவது ஒன்று வருமென்று
கொஞ்ச நேரம் பார்த்தார்.
நான் குடித்தேன்.

புளி.
இருநூறு வருடத்துக் குடும்பம்
எங்கள் தகரத்தின் கீழ்
மூன்றே வருடத்தில் வினாகிரி.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.
கொட்டாதீங்க, என்றேன்.
சூரை மலிந்து கிடந்த வாரம்.
துண்டு போட்டு உப்பும் மஞ்சளும் பிசறிப் பொரித்து,
இஞ்சி, பூண்டு, வத்தல்பொடி,
நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே.
ஆறியபின் அர்துரோவை முழுவதுமாக ஊற்றினேன்.
நாலு பாட்டில் ஊறுகாய்.

கடன் தீர்ந்தது, வீடு பாதியில் நிற்கிறது.
மறுபடி ஆவணி, மறுபடி பெட்டி.
ஒரு பாட்டிலைக் கம்பளிக்குள் சுருட்டினேன்.
லேபிள் என் கையெழுத்து,
சூசைமிக்கேலின் கணக்கு நோட்டில் கிழித்த தாள்:
மீன் பிடித்தது முத்தப்பனின் வள்ளம்,
வெட்டியதும் பொரித்ததும் எமரன்சியா, முட்டம்.
இவரையே இத்தாலியனில் பெயர்த்துச் சொல்லச் சொன்னேன்.

கிழ அர்துரோ ரொட்டியில் வைத்துத் தின்றாராம்.
கண்ணில் தண்ணீர் வந்ததாம்,
துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு எடுத்தாராம்.
அதில் ஊறுவது இன்னதென்று
இவர் வாயைத் திறக்கவில்லையாம்.
எத்தனை தலைமுறையாகச் செய்கிறீர்கள் என்று
கிழவர் மரியாதையாகக் கேட்டாராம்.

போன மாசம்,
ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, என்றாராம்.