முதல் பாகத்துக்கு ஒரு வரைபடம்

ஹெல்டூர் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
தார்த்துவிலிருந்து வல்கா, பிறகு அதே வழியில் திரும்ப.
கடைசி நிறுத்தத்தில் இருபத்தைந்து நிமிடம் இடைவேளை.
அந்த இருபத்தைந்து நிமிடங்களில்
ஒரு ராஜ்ஜியம் கட்டியிருக்கிறார்,
டிக்கெட் சுருள்களின் முதுகில், பென்சிலால்.

ஏழு பாகம் வருமாம்.
முதல் பாகம் மட்டும் என் மேஜைக்கு வந்தது,
பக்கங்களுக்கிடையே ரொட்டித் துணுக்குகளோடு.
பதிப்பகத்திலிருந்து திரீனு சொன்னாள்:
"முன் அட்டைக்குள் இரண்டு பக்கம் உனக்கு.
மலை, கோட்டை, ஆறு, திசைகாட்டி.
வெள்ளிக்கிழமைக்குள்.
டிராகன் போட்டுவிடாதே, கதையில் கிடையாது."

கதையில் இருப்பது தூக்கம்.
வெரான் நாட்டில் விளக்கேற்ற
ஒரு மணி நேரத் தூக்கம் செலவாகும்.
பாலம் எழும்ப, ஓர் ஊரே மாதம் முழுக்க விழித்திருக்கும்.
மன்னனின் கோட்டை வானில் நிற்கிறது,
குடிகளின் உறக்கத்தை ஜாடி ஜாடியாய்க் குடித்து.
வசூலிக்கப் போகிறவன் டார்வோ.
இடதுகால் சற்றுக் குட்டை.
தொட்டில் ஆடும் சத்தம் கேட்டால்
கதவைத் தட்டாமலே கணக்கில் எழுதுவான்:
வீடு பூட்டியிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரே வரி.
எழுதியவரே மறந்திருப்பார்.

கேள்விகள் அனுப்பினேன்.
கோட்டையிலிருந்து துறைமுகம் எத்தனை நாள்?
"குதிரையில் மூன்று. ரூனா நடந்தே இரண்டு,
அவள் கோபத்தில் இருக்கிறாள்."
ஆறு எங்கே கலக்கிறது?
"நான்காம் பாகத்தில்."
வடக்கே என்ன?
இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு:
"பனி. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை."

வியாழன் இரவு.
ஜன்னலுக்கு வெளியே எமயோகி
ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது.
பேனா முள் வடக்கின் வெள்ளையில் சிந்தியது,
ஓர் அவரை விதை அளவு.
சுரண்டினேன். தாள் பஞ்சாய் எழும்பியது.
வேறென்ன செய்ய?
கரை போட்டு, நாணல் நட்டு
ஏரியாக்கினேன்.

படமெடுத்து அனுப்பி மன்னிப்புக் கேட்டேன்.
வல்காவிலிருந்து, அதிகாலை மூன்று பத்துக்கு:
"ஏரி இருக்கட்டும்.
மூன்றாம் பாகத்தில் ஒருவர் மூழ்க வேண்டும்.
இடம் கிடைக்காமல் இருந்தேன்."

யார்?

"முடிவாகவில்லை. அந்த நொண்டியாக இருக்கலாம்."

தேநீர் ஆறிப்போனது.
வெரானில் வசித்திருந்தால்
அன்றிரவு நான் இழந்த தூக்கத்துக்கு
தெருவிளக்கு நான்கு எரிந்திருக்கும்.
என் கை நடுங்கியதால்தானே அங்கே தண்ணீர்?

விடியும் முன்
இருப்பதிலேயே மெல்லிய முள்ளை எடுத்தேன்.
பூதக்கண்ணாடிக்கடியில், தென்கரை நாணலுக்குள்
எறும்பில் பாதி அளவு ஒரு படகு.
துடுப்பு இரண்டு. ஒன்று சற்றுக் குட்டையாகிவிட்டது.
வட்டமடிக்கும், பரவாயில்லை.
மிதந்தால் போதும்.

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச்சில் புத்தகம் வந்தது.
ஏப்ரலில் வோருவிலிருந்து ஒரு கடிதம்,
கோடு போட்ட தாளில். லீசு, வயது ஒன்பது.
"வடக்கு ஏரியில் ஒரு படகு கட்டியிருக்கிறது.
கதை முழுக்கத் தேடினேன், அது வரவேயில்லை.
யாருடையது?
அவர் குளிரில் எங்கே போயிருக்கிறார்?"
திரீனு அதை ஹெல்டூருக்கு அனுப்பினாள்.
ஹெல்டூர் எனக்கு அனுப்பினார்,
கூடவே ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

நேற்று, வேலை எதுவும் இல்லாத வல்காவுக்கு
கடைசிப் பேருந்தில் ஏறினேன்.
இதற்கு முன் நேரில் பார்த்ததில்லை நாங்கள்.
சில்லறையை வாங்கியவர்
என் விரல்களின் மைக்கறையைப் பார்த்தார்.
"அதில் எத்தனை பேர் ஏறலாம்?"
"ஒருவர்," என்றேன்.
"கைக்குழந்தை என்றால் இன்னொன்றும்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சிப்பாய்ப் பையன் ஒருவன் பையைத் தோள் மாற்றினான்.
ஹெல்டூர் டிக்கெட்டைக் கிழிக்க மறந்து
கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"முன் இருக்கையில் உட்காருங்கள்," என்றார்.
"எல்வா தாண்டும்வரை
ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும்.
எனக்குத் தூக்கம் வரும்."